தவிர்க்கத் தவிர்க்க வளரும் அச்சம்

பெங்களூரின் தெற்கே, ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ் மருத்துவமனை இருக்கிறது. நகரின் வடக்கே, பெல்லாரி சாலையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.கே.வி.கே. வளாகத்துக்குள் தேசிய உயிரியல் அறிவியல் மையம் இருக்கிறது. இந்த இரு நிறுவனங்களையும் சேர்ந்த சுமந்திர சாட்டர்ஜி, பி.எஸ். சங்கரநாராயண ராவ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2002இல் ஒரு முக்கியமான கட்டுரையை வெளியிட்டார்கள். எலிகளை நாளொன்றுக்கு 2 மணி நேரம் வீதம் 10 நாட்கள் அசையவிடாமல் அடைத்து வைத்து, பிறகு அவற்றின் மூளையைப் பரிசோதித்தார்கள். நினைவுகளைப் பதிவுசெய்ய உதவும் ஹிப்போகாம்பஸ் பகுதியில் நரம்பணுக்களின் கிளைகள் சுருங்கிக் கிடந்தன. அச்சத்தைக் கையாளும் அமிக்டலா பகுதியிலோ அவை முன்பைவிட நீண்டு கிளைத்திருந்தன.

2004இல் வந்த அடுத்த ஆய்வில் எலிகளுக்கு 21 நாட்கள் எந்த நெருக்கடியும் தராமல் ஓய்வு கொடுத்தார்கள். ஹிப்போகாம்பஸ் பழைய நிலைக்குத் திரும்பியது. அமிக்டலாவின் வளர்ச்சியோ மறையாமல் அப்படியே இருந்தது. எலிகளின் பதற்றமும் தணியவில்லை. நெருக்கடி முடிந்த பிறகும் மூளையின் அச்சப் பகுதி அதை விட்டுவிடவில்லை.

எலியின் பதற்றமும் மனிதரின் ஃபோபியாவும் ஒன்றல்ல. ஆனாலும் அச்சத்துக்கு உடலில் ஒரு தடம் உண்டு, அது மனத்திடத்தால் மட்டும் அழிந்துவிடாது என்று எண்ண இந்த ஆய்வுகள் இடம் தருகின்றன. லிஃப்டில் ஏற மறுப்பவரையும், நாயைக் கண்டதும் சாலையின் மறுபுறம் ஓடுபவரையும், ஊசி என்றதும் வியர்ப்பவரையும் பார்த்து "இதுக்கெல்லாமா பயப்படுவாங்க?" என்று நம் வீடுகளில் கேட்கிறோம். அந்தக் கேள்விக்கு அறிவியல் நூறு ஆண்டுகளாகப் பதில் தேடி, பெரும்பகுதியைக் கண்டும் விட்டது. அச்சம் எப்படி வேர்விடுகிறது என்பது தெரிந்தால், அதை எப்படித் தணிப்பது என்பதும் தெரியும். அந்த அறிவு இன்னும் நம் வீடுகளுக்கு வந்து சேரவில்லை.

எது பயம், எது ஃபோபியா

பயம் நமக்கு வேண்டியது. வேகமாக வரும் லாரியைக் கண்டு விலகச் செய்வது அதுதான். அந்தப் பயம் ஆபத்தின் அளவை மீறி, ஒரு குறிப்பிட்ட பொருளிலோ சூழலிலோ ஒட்டிக்கொண்டு, பொதுவாக 6 மாதங்களுக்கு மேல் நீடித்து, படிப்பையும் வேலையையும் உறவையும் முடக்கத் தொடங்கினால் மருத்துவம் அதை ஃபோபியா என்கிறது. பயப்படுபவருக்குத் தன் பயம் அளவுக்கு மீறியது என்பது பெரும்பாலும் தெரிந்தே இருக்கும். தெரிந்தும் உடல் கேட்பதில்லை. நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், மூச்சு முட்டும், அங்கிருந்து ஓடிவிட வேண்டும் என்று தோன்றும்.

ஃபோபியாவை மூன்று பெரும் வகைகளாகப் பிரிக்கிறார்கள். விலங்கு, உயரம், இடி மின்னல், ரத்தம், ஊசி, மூடிய இடம் போன்ற ஒன்றின் மீது மட்டும் எழுவது முதல் வகை. பிறர் தன்னைக் கவனித்து எடைபோடுவார்கள் என்று கூட்டத்தில் பேசவும் சாப்பிடவும் கையெழுத்திடவும் அஞ்சுவது இரண்டாவது. பதற்றம் வந்தால் தப்பிக்க முடியாதே, உதவி கிடைக்காதே என்று பேருந்து, சந்தை, திரையரங்கு, கூட்ட நெரிசல் ஆகியவற்றைத் தவிர்ப்பது மூன்றாவது. அச்சத்தின் நிலைக்களன்களாகத் தொல்காப்பியம் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கைச் சொல்கிறது. விலங்கை அஞ்சுவதையும் அதிகாரத்தின் பார்வையை அஞ்சுவதையும் ஒரே பட்டியலில் வைத்த அந்தப் பார்வையில் இன்றைய வகைப்பாட்டின் இரண்டு கூறுகள் தெரிகின்றன.

22 நாடுகளில் உலக சுகாதார நிறுவனத்தின் ஒருங்கிணைப்பில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வாழ்நாளில் ஒரு முறையேனும் முதல் வகை ஃபோபியாவுக்கு ஆளானவர்கள் சுமார் 7.4 சதவீதம். பெண்களிடம் இது ஆண்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு. பாதிப்பேருக்கு அது தொடங்கியது 8 வயதுக்குள். பெரியவர்களின் முடக்கமாக நாம் காண்பது பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில் விழுந்த விதை.

பயம் நுழையும் மூன்று வழிகள்

1920இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் வாட்சனும் ரோசலி ரேனரும் ஆல்பர்ட் என்று பெயரிட்ட ஒரு கைக்குழந்தையிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். வெள்ளை எலியைத் தொட ஆசையோடு கை நீட்டிய குழந்தையின் முதுகுக்குப் பின்னால் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் ஓங்கி அடித்தார்கள். சில முறைகளில் குழந்தை எலியைக் கண்டாலே அழத் தொடங்கியது. பிறகு முயலையும் நாயையும் உரோமக் கோட்டையும் கண்டும் மிரண்டது. இன்று எந்த ஆய்வு நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காத கொடுமை அது. ஆனால் பயத்தைக் கற்பிக்க முடியும் என்பது அன்று நிறுவப்பட்டது.

பல ஆண்டுகள் இந்த நேரடி அனுபவ விளக்கமே கோலோச்சியது. நாய் கடித்தால் நாய் பயம், விழுந்தால் உயரப் பயம். ஆனால் கணக்கு முழுதாகப் பொருந்தவில்லை. நாய் கடித்தவர்களில் பலர் அஞ்சுவதில்லை. நாயே கடிக்காத பலர் அஞ்சுகிறார்கள். நியூசிலாந்தின் டுனெடினில் 1972–73இல் பிறந்த குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் பின்தொடரும் ஆய்வொன்று இதை நன்றாகக் காட்டியது. 5 வயதுக்கும் 9 வயதுக்கும் இடையில் விழுந்து அடிபட்டவர்களிடம் 18 வயதில் உயரப் பயம் கூடுதலாக இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். குறைவாகவே இருந்தது. பயமில்லாத குழந்தை மரமேறுகிறது, அதனால் விழுகிறது. விழுந்தும் பயம் பிடிப்பதில்லை. அப்படியானால் சில அச்சங்கள் இயல்பாகவே நம்முடன் பிறக்கின்றன, அனுபவம் அவற்றைப் படிப்படியாகத் தணிக்கிறது. அந்தத் தணிவு நிகழாதவரிடம் அது ஃபோபியாவாக நிலைக்கிறது என்று கொள்ளவும் இடமிருக்கிறது.

1977இல் உளவியலாளர் ஸ்டான்லி ராக்மேன் பயம் நுழையும் வழிகளை மூன்றாக வகுத்தார்: தானே பட்டது, பிறர் அஞ்சுவதைப் பார்த்தது, சொல்லக் கேட்டது.

பார்த்து அஞ்சுவதற்குச் சூசன் மினேக்காவின் குரங்கு ஆய்வுகள் சான்று. ஆய்வகத்திலேயே வளர்ந்த ரீசஸ் குரங்குகளுக்குப் பாம்பு பயம் இருக்கவில்லை. காட்டில் வளர்ந்த குரங்குகள் பாம்பைக் கண்டு அலறுவதைச் சிறிது நேரம் பார்த்ததும் அவையும் அஞ்சக் கற்றன. அடுத்து, குரங்கு பூவைக் கண்டு அலறுவதுபோல் ஒட்டித் தயாரித்த காணொளியைக் காட்டினார்கள். பூவைக் கண்டு அஞ்ச அவை கற்கவே இல்லை. எதை அஞ்ச வேண்டும் என்பதில் மூளைக்கு ஏற்கனவே ஒரு சாய்வு இருக்கிறது என்று 1971இல் மார்ட்டின் செலிக்மன் சொன்னதற்கு இது வலு சேர்த்தது. நம் முன்னோரைக் கொன்றவை பாம்பும் பள்ளமும் இருட்டும். இன்று மோட்டார் வாகனங்களும் மின்கம்பிகளும் எத்தனையோ உயிர்களைக் கொல்கின்றன. அவற்றின் மீது ஃபோபியா அரிதாகவே எழுகிறது.

மூன்றாவது வழி நம் வீடுகளில் தினமும் திறந்தே கிடக்கிறது. சாப்பிட மறுக்கும் குழந்தையிடம் பூச்சாண்டி வருவான் என்கிறோம். அடம்பிடிக்கும் குழந்தையிடம் "டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிடுவேன்" என்கிறோம். இங்கிலாந்தில் ஆண்டி ஃபீல்ட் நடத்திய ஆய்வுகளில் பள்ளிக் குழந்தைகளுக்கு அவர்கள் கண்டிராத ஆஸ்திரேலிய விலங்குகளைப் பற்றிச் சொன்னார்கள். கெட்ட விலங்கு என்று கேள்விப்பட்டவற்றின் மீது குழந்தைகளின் அச்சம் கூடியது. அது இருப்பதாகச் சொல்லப்பட்ட பெட்டிக்குள் கைவிடவும் தயங்கினார்கள். வெறும் சொல்லே போதுமானதாக இருந்தது. ஒரு கவளம் சோற்றுக்காகப் பெரியவர்கள் சொல்லும் ஊசிக் கதை, அந்தக் குழந்தை தடுப்பூசிக்கு நிற்கும் வரிசை வரை கூடவே வருகிறது.

ஒரு நாயிலிருந்து எல்லா நாய்களுக்கும்

2023இல் பெங்களூர் மாநகராட்சி எடுத்த கணக்கின்படி நகரில் சுமார் 2.79 லட்சம் தெருநாய்கள் இருந்தன. ரேபிஸ் இன்னும் ஒழியாத நாட்டில் தெருநாயிடம் எச்சரிக்கையாக இருப்பது விவேகம். ஆனால் ஒரு முறை துரத்திய கறுப்பு நாயின் பயம், கட்டிப்போட்ட நாய்க்கும் பால் குடிக்கும் குட்டிக்கும் சுவரொட்டியில் உள்ள நாய்ப் படத்துக்கும் ஏன் பரவுகிறது?

இதற்கும் பெங்களூரிலிருந்தே ஒரு விடை வந்தது. தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் சுப்ரியா கோஷும் சுமந்திர சாட்டர்ஜியும் 2015இல் வெளியிட்ட ஆய்வில் எலிகளுக்கு இரண்டு வெவ்வேறு ஒலிகளைக் கேட்கச் செய்தார்கள். ஓர் ஒலியைத் தொடர்ந்து காலில் லேசான மின்அதிர்ச்சி. மற்றொன்றைத் தொடர்ந்து எதுவுமில்லை. எலிகள் இரண்டையும் பிரித்தறிந்து, ஆபத்தான ஒலிக்கு மட்டும் உறைந்து நின்றன. அமிக்டலாவின் பல நரம்பணுக்களும் அந்த ஒலிக்கே துடித்தன. மின்அதிர்ச்சியின் வலுவைக் கூட்டியதும் நிலைமை மாறியது. பாதுகாப்பான ஒலிக்கும் எலிகள் உறைந்தன. தனித்தனி நரம்பணுக்களைப் பதிவுசெய்து பார்த்தபோது, அவை முன்பு வைத்திருந்த வேறுபாட்டை இழந்து இரு ஒலிகளுக்கும் துடித்தன.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம் கிராமங்களில் சொல்வதை, ஒரு நரம்பணுவின் அளவில் கண்டதுபோல இருக்கிறது இந்த ஆய்வு. அதிர்ச்சி மிகும்போது மூளை துல்லியத்தை விட்டுக்கொடுத்துப் பாதுகாப்பைத் தேர்கிறது. உயிர் பிழைக்க அது உதவும். பாதுகாப்பான நாயையும் ஆபத்தான நாயையும் பிரிக்க முடியாமல் போன குழந்தையை நாம் கோழை என்று ஏசும்போது, அதன் மூளை தன் வேலையைச் செய்ததற்காகவே ஏசுகிறோம்.

அதே மையத்தின் 2005ஆம் ஆண்டு ஆய்வையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு முறை 2 மணி நேரம் அடைக்கப்பட்ட எலிகளிடம் மறுநாள் பெரிய மாற்றம் தெரியவில்லை. 10 நாட்கள் கழித்து அமிக்டலாவில் நரம்பிணைப்புக்கான முள்போன்ற மொட்டுகள் கூடியிருந்தன, பதற்றமும் கூடியிருந்தது. விபத்து நடந்த அன்று திடமாக இருந்தவர் சில வாரங்களில் அந்தச் சாலைக்கே போக மறுக்கும்போது வீட்டார் குழம்புகிறார்கள். அச்சம் தாமதமாகவும் முளைக்கும் என்பதை அறிந்தால் அந்தக் குழப்பம் குறையும்.

தவிர்ப்பின் வட்டி

பயம் நுழைந்த விதம் ஒன்று. அது தங்கிவிட்ட காரணம் மற்றொன்று. ஃபோபியாவைப் புரிந்துகொள்ள இரண்டாவதே முக்கியம். 1940களில் ஓ. ஹோபார்ட் மௌரர் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். முதலில் ஒரு பொருளோடு அச்சம் இணைகிறது. பிறகு அந்தப் பொருளைத் தவிர்க்கும்போது கிடைக்கும் நிம்மதி, தவிர்ப்பதையே பழக்கமாக்குகிறது.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். பெங்களூர் அல்சூரின் ஒரு சந்தில் குடியிருக்கும் பத்து வயதுச் சிறுமியை ஒரு நாய் துரத்துகிறது. மறுநாள் அவள் சந்து முனையில் அதே நாயைப் பார்த்து நிற்கிறாள், நெஞ்சு அடித்துக்கொள்கிறது, திரும்பி வீட்டுக்கு ஓடுகிறாள். கதவைச் சாத்தியதும் படபடப்பு அடங்குகிறது. அந்த நொடியில் மூளை ஒரு பாடம் படிக்கிறது: ஓடியதால்தான் பிழைத்தேன். நின்றிருந்தால் நாய் தன்பாட்டுக்குப் படுத்துக்கொண்டிருக்கும் என்பதை அறியும் வாய்ப்பு அவளுக்குக் கிடைக்கவே இல்லை. அடுத்த வாரம் அப்பா ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறார். அடுத்த மாதம் நாய் வளர்க்கும் தோழியின் வீட்டுக்குப் போவது நிற்கிறது. அம்மா கடைக்கு அனுப்புவதில்லை. ஒவ்வொன்றும் அன்பினால் செய்ததே. ஒவ்வொன்றும் அந்தச் சிறுமிக்கு, நாய் உண்மையிலேயே தாங்க முடியாத ஆபத்து என்று சான்றளிக்கிறது.

தவிர்ப்பு ஒரு கந்துவட்டிக் கடன். இன்றைய நிம்மதி உடனே கைக்கு வரும். வட்டியாக நாளைய உலகம் சுருங்கும். சில ஆண்டுகளில் அவள் அஞ்சுவது நாயையா, தன் உடலின் படபடப்பையா என்று பிரிக்க முடியாமல் போகும்.

அதட்டுவதும் உதவாது. "ஒண்ணும் பண்ணாது, போ" என்று கையைப் பிடித்து இழுத்து நாயின் முன்னால் நிறுத்தினால், தன் கட்டுப்பாடு பறிபோன அதிர்ச்சியும் பயத்தோடு சேர்ந்துகொள்ளும். அணைத்து ஒளித்துவைப்பதற்கும் பிடித்துத் தள்ளுவதற்கும் இடையில் மூன்றாவது வழி ஒன்று உண்டு.

படிப்படியாக அருகில்

அந்த வழியை முதலில் காட்டியவர் மேரி கவர் ஜோன்ஸ். வாட்சனின் சோதனைக்கு 4 ஆண்டுகள் கழித்து, 1924இல், முயலுக்கு அஞ்சிய பீட்டர் என்ற சிறுவனைப் பற்றி எழுதினார். அவன் பிடித்த தின்பண்டத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கூண்டிலிருந்த முயலைத் தொலைவில் வைத்தார்கள். அவன் பொறுத்துக்கொள்ளும் அளவுக்கு நாள்தோறும் சற்றே அருகில் கொண்டுவந்தார்கள். கடைசியில் முயலைத் தடவிக்கொடுத்தான். 1958இல் ஜோசப் வோல்பே இதை முறையான சிகிச்சையாக வளர்த்தெடுத்தார். பெங்களூரில் 1954இல் தொடங்கிய அகில இந்திய மனநல நிறுவனமும் பழைய மனநல மருத்துவமனையும் 1974இல் இணைந்து நிம்ஹான்ஸ் ஆயின. அங்கே பயிற்சி பெற்ற மருத்துவ உளவியலாளர்கள் இத்தகைய நடத்தைச் சிகிச்சையை நாட்டின் பல பகுதிகளுக்கும் கொண்டுசென்றார்கள்.

அந்தச் சிறுமிக்குச் சிகிச்சை எப்படி நடக்கும்? உளவியலாளர் அவளோடு உட்கார்ந்து ஒரு படிவரிசை எழுதுவார். நாய்ப் படம் பார்ப்பது. நாய் குரைக்கும் காணொளி பார்ப்பது. சாலையின் எதிர்ப்புறம் கட்டியிருக்கும் நாயைப் பார்த்து நிற்பது. பத்தடி தொலைவில் நிற்பது. உரிமையாளர் பிடித்திருக்கும் சாதுவான, தடுப்பூசி போட்ட நாயின் முதுகைத் தொடுவது. ஒவ்வொரு படிக்கும் 0 முதல் 100 வரை பயத்தின் அளவை அவளே சொல்வாள். அடுத்த படிக்கு எப்போது ஏறுவது என்பதிலும் அவள் சம்மதம் வேண்டும். படபடப்பு எழும்போது விலகாமல் நின்றால், அது உச்சத்துக்குப் போய்த் தானே இறங்குவதை உடல் அறிகிறது. நடக்கும் என்று பயந்தது நடக்கவில்லை என்பதை மூளை பதிவுசெய்கிறது. கூடவே, குரைக்கும் தெருநாயைச் சீண்டாமல் ஓடாமல் கடப்பது எப்படி என்றும் கற்பிப்பார்கள். ஃபோபியா நீங்குவதும் எச்சரிக்கை மிஞ்சுவதும் ஒன்றாகவே நடக்க வேண்டும்.

ஒற்றைப் பொருள் மீதான ஃபோபியாவுக்கு இது நீண்டகாலச் சிகிச்சையாகக்கூட இருக்க வேண்டியதில்லை. ஸ்வீடனின் லார்ஸ்-யோரான் ஊஸ்ட் 1989இல் விவரித்த முறை, அதிகபட்சம் 3 மணி நேரம் நீளும் ஒரே அமர்வு. இவ்வகைக்கு மாத்திரைகளின் பங்கு மிகக் குறைவு. கூட்டத்தை அஞ்சும் வகைகளுக்கு மட்டும் மருத்துவர் மருந்தையும் சேர்ப்பதுண்டு.

ரத்தத்துக்கும் ஊசிக்குமான பயம் ஒரு விதிவிலக்கு. பிற பயங்களில் ரத்த அழுத்தம் ஏறும். இதில் முதலில் சற்று ஏறி, பிறகு சடாரென இறங்கும், பலர் மயங்கி விழுவார்கள். குடும்பத்தில் பலருக்கு இது இருப்பதும் வழக்கம். இவர்களிடம் உடலைத் தளர்த்தச் சொன்னால் மயக்கம் சீக்கிரம் வரும். 1987இல் ஊஸ்ட் குழு சோதித்த முறை நேர் எதிரானது. கை, கால், உடல் தசைகளை இறுக்கி, முகத்தில் சூடு பரவும்வரை 10 முதல் 15 விநாடிகள் பிடிக்க வேண்டும். பிறகு இயல்பு நிலைக்கு விட்டு 20 முதல் 30 விநாடிகள் பொறுத்து மீண்டும் இறுக்க வேண்டும். 5 முறை செய்யலாம். ரத்த அழுத்தம் விழாமல் நிற்கும். ரத்தப் பரிசோதனைக்கு அஞ்சிச் சர்க்கரை நோயைக் கண்டறியாமலே வாழ்பவர்களுக்கு இந்த எளிய பயிற்சி உயிர்காக்கும்.

ஒன்றை மட்டும் மறைக்கக் கூடாது. சிகிச்சை பழைய அச்சத்தை அழிப்பதில்லை. மார்க் பூட்டன் பல ஆண்டு ஆய்வுகளில் காட்டியதுபோல, பழைய நினைவின் மேல் புதிய கற்றல் ஒன்று அமர்கிறது. சிகிச்சை அறையில் நீங்கிய பயம் வேறோர் ஊரில், வேறொரு நாயிடம் திரும்பலாம். அதனால்தான் பயிற்சியைப் பல இடங்களில், பல நாய்களோடு, பல நாட்களில் செய்ய வேண்டும். பயம் திரும்பியதைத் தோல்வியென்று எண்ணாமல் மீண்டும் படியேறுவதே முறை.

வந்து சேராதவர்கள்

2015–16இல் நிம்ஹான்ஸ் தலைமையில் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பு நடந்தது. வயதுவந்தோரில் 10.6 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு மனநலக் கோளாறோடு வாழ்வது தெரிந்தது. ஃபோபியாவை உள்ளடக்கிய பதற்றம், மன அழுத்தம் சார்ந்த கோளாறுகள் வயதுவந்தோரில் 3.5 சதவீதத்தினரிடம் இருந்தன. இப்படிப் பரவலாகக் காணப்படும் கோளாறுகள் உள்ளவர்களில் சுமார் 85 சதவீதத்தினருக்கு எந்தச் சிகிச்சையும் கிடைக்கவில்லை.

ஃபோபியா உள்ளவர் வராமலிருக்க இன்னொரு காரணமும் உண்டு. தவிர்த்து வாழ முடிகிறவரை அவர் நோயாளியாக உணர்வதில்லை. மேல்மாடியில் வேலை கிடைத்தால் மறுத்துவிடுவார். மேடையில் பேச வேண்டிய பதவி உயர்வை விட்டுவிடுவார். பிரசவ ஊசிக்கு அஞ்சிக் கர்ப்பத்தையே தள்ளிப்போடும் பெண்களும் உண்டு. இழந்தவை எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

உதவி பெறுவது முன்பைவிட இப்போது எளிது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி-மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலும் பேசலாம். அதன் தேசிய மையம் நிம்ஹான்ஸ். ஆனால் தொலைபேசியை எடுக்கும் முன்பே வீட்டில் செய்ய வேண்டியவை இருக்கின்றன. குழந்தையை அடக்க ஊசியையும் பூச்சாண்டியையும் அழைப்பதை நிறுத்த வேண்டும். நம் பயத்தைக் குழந்தை பார்த்துக் கற்கும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். அஞ்சும் குழந்தையைக் கேலி செய்யாமல், அதன் இடத்தில் நின்று எல்லாவற்றையும் நாமே செய்துகொடுக்காமல், அது தாங்கக்கூடிய அடுத்த சிறு படியை அதனோடு சேர்ந்து எடுக்க வேண்டும். 6 மாதங்களுக்கு மேல் பயம் நீடித்து வாழ்க்கையைச் சுருக்கினால் மருத்துவ உளவியலாளரிடம் போக வேண்டும். பள்ளிகளிலும் ஆரம்பச் சுகாதார நிலையங்களிலும் இதைச் சொல்லித்தர ஆட்கள் வேண்டும். பாதிப்பேருக்குப் பயம் தொடங்குவது எட்டு வயதுக்குள் என்றால், உதவியும் அந்த வயதில் கிடைக்க வேண்டும்.

மனநலக் கோளாறுகளில் இவ்வளவு தெளிவாகக் காரணம் தெரிந்ததும், இவ்வளவு குறைந்த காலத்தில் தணிக்கக் கூடியதும் அதிகமில்லை. ஒரு சில மணி நேரச் சிகிச்சையில் மீளக்கூடிய ஒருவர் நாற்பது ஆண்டுகள் ஒதுங்கி வாழ்ந்தால், அதற்கு அவருடைய கோழைத்தனத்தைக் காரணம் சொல்ல நமக்கு உரிமையில்லை. தெரிந்த மருத்துவத்தை அவர் வீட்டு வாசல்வரை கொண்டுபோய்ச் சேர்க்காதது நம் பொறுப்பின்மை. அதைச் சரிசெய்யப் புதிய கண்டுபிடிப்பு எதற்காகவும் காத்திருக்கத் தேவையில்லை.